மேசை மேல் அனுமார் காசு: நாணயச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத்தாருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் நாணயக் கண்காட்சி நடத்தும் எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். எந்த ஊர்ச் சங்கத்தையும் தனியாகக் குறிவைக்கவில்லை. இதில் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசமும் இல்லை. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று போட்ட போலி அனுமார் காசு, ராமர் பட்டாபிஷேகக் காசு வகையறாக்களை உங்கள் கண்காட்சி மேசைகளில் விற்க இனி அனுமதிக்காதீர்கள். அப்புறம், வாசலுக்குப் பக்கத்தில் நாணய நோட்டத்துக்கென்று, அதாவது காசு அசலா போலியா என்று சோதித்துச் சொல்ல, ஒரு மேசை போடுங்கள்.

நீண்ட நாளாகச் சொல்ல நினைத்ததுதான். போன கண்காட்சியில் பார்த்த ஒன்று எழுதவே வைத்துவிட்டது. வயதான ஒருவர் மஞ்சள் துணியில் முடிந்து ஒரு காசு கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் கம்பெனி பெயரும் 'அரை அணா, 1818' என்ற எழுத்தும். லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் காட்டிய கடைக்காரர் சிரித்த முகத்தோடு, "இப்போ விக்காதீங்க ஐயா, வச்சிருங்க, இன்னும் ஏறும்" என்று அனுப்பிவிட்டார். அதே கடைக்காரரின் தட்டில் அதே அச்சில் ஊற்றிய காசுகள் குவியலாகக் கிடந்தன, ஒன்று இருநூறு ரூபாய். பெரியவர் அந்தத் தட்டைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அங்கேயே உண்மை தெரிந்திருக்கும்.

அந்தக் காசில் ஒன்றை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, வெண்ணெயில் அழுத்தியதுபோல் இருந்தது. பரப்பெல்லாம் பொடிப்பொடிக் குழி. வார்ப்பில் காற்றுக் குமிழி விட்டுப்போன குழிகள். விளிம்பில் அரம் போட்டுத் தேய்த்த கோடு. கறுப்பு நிறம் பழமையால் வந்ததல்ல. நகத்தால் சுரண்டினால் அடியில் பளபளவென்று பித்தளை தெரிகிறது. உண்மையான அரையணா வார்ப்பே அல்ல, அச்சுக்கு நடுவில் அடித்தெடுத்தது. 1835, 1845 என்று ஆண்டு போட்டுக் கம்பெனி வெளியிட்ட செப்பு அரையணாவின் எடை 200 கிரெயின், அதாவது சுமார் 12.95 கிராம். அதில் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம் இருக்கும், மறுபக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பு இருக்கும். அனுமாரும் இல்லை, சஞ்சீவி மலையும் இல்லை.

ஆண்டைப் பார்த்தாலே போதும், மீதியை வரலாறு சொல்லிவிடும். 1616, 1717, 1818 என்று மூன்று விதமாக இந்தக் காசுகள் வருகின்றன. இலக்கத்தை இரட்டித்தால் ராசி என்று எந்தப் பட்டறைக்காரர் கண்டுபிடித்தாரோ. 1616இல் கம்பெனிக்குச் சூரத்திலும் மசூலிப்பட்டினத்திலும் பண்டகசாலைதான் இருந்தது. சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்ததே 1639இல். 1717இல் கம்பெனிக்குக் கிடைத்தது முகலாயப் பேரரசர் ஃபரூக்சியாரின் ஃபர்மான், அதாவது அரசாணை. அந்தக் காலத்தில் ரூபாய் அடிக்க வேண்டுமென்றால் பாரசீக எழுத்தில் பேரரசர் பெயரைப் போட்டுத்தான் அடிக்க வேண்டும்.  ஒரு அணா என்று போட்டவை இன்னும் வேடிக்கை. 1835க்குப் பிந்தைய பொது நாணய வரிசையில் அரையணா, காலணா, தம்பிடி எல்லாம் இருந்தன. ஒரு அணா நாணயம் வந்தது 1907இல், ஏழாம் எட்வர்டு காலத்தில், விளிம்பு வளைந்து வளைந்து போகும் நிக்கல் கலப்புக் காசாக. அதற்குள் கம்பெனி ஆட்சி முடிந்தே கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஆகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. போலியை மறுக்கும் வேகத்தில் நம் ஆட்கள் சிலர், "வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடித்ததே இல்லை" என்று மைக்கில் பேசிவிடுகிறார்கள். அதுவும் தப்பு. மதராஸில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன் என்ற பொற்காசில் ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரம். 1807, 1808 வாக்கில் வெளியான வெள்ளி அரை வராகனை ஒரு முறையாவது கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் கோயில் கோபுரம், இரு புறமும் நட்சத்திரங்கள், சுற்றிலும் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பு. திருப்பினால் தாமரைமேல் விஷ்ணு, சுற்றிலும் தமிழும் தெலுங்கும். நாலு மொழி ஒரே காசில். சந்தைக்கு வருகிறவர் எந்த எழுத்தைப் படிப்பாரோ அந்த எழுத்தில் மதிப்பு தெரிய வேண்டும் என்கிற கணக்கு அது. சிலவற்றில் அடியில் ஸ்பானிய டாலரின் சுவடு மங்கலாகத் தெரியும். வெளிநாட்டு வெள்ளியை உருக்கக்கூட நேரமில்லாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். உண்மைக் காசிலேயே இவ்வளவு இருக்கும்போது, எதற்கு அந்த பித்தளை அனுமார்?

ராமடங்கா என்று ராமர் பட்டாபிஷேகம் பொறித்த பழைய வில்லைகள் உண்டு, அதையும் மறுக்கவில்லை. அவை பூஜைக்கானவை, கடைத்தெருவில் செலவாகிற காசு அல்ல. அவற்றின் சாயலில் கம்பெனி பெயரையும் ஆண்டையும் ஒட்டவைத்து நம் காலத்தில் செய்தவைதான் இந்தத் தட்டுகளில் கிடப்பவை.

1818 என்ற ஆண்டு போலிக்காரர்கள் கையில் போய்ச் சிக்கியதுதான் எனக்கு ஆற்றாமை. மதராஸ் மாகாணத்தின் பண வரலாற்றில் அதைவிடப் பெரிய ஆண்டு குறைவு. அதுவரை இங்கே கணக்கு வராகன், பணம், காசு என்று ஓடியது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அப்படியென்றால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. இது கம்பெனிப் பேரேட்டுக் கணக்கு. கடைத்தெருவில் அது நிலையாக நின்றதில்லை. எந்த ஊர் வராகன், எந்த ஆண்டு ரூபாய், எவ்வளவு தேய்மானம் என்று பார்த்து வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, பிடிப்பது நோட்டக்காரர்களின் பிழைப்பு. அவர்கள் சோதித்து அடித்த சின்னச் சின்ன முத்திரைக் குத்துகளை இன்றும் பழைய ரூபாய்களின் மேல் பார்க்கலாம். (அந்தக் குத்து இருந்தால் இன்று விலையைக் குறைக்கிறோம். எனக்கென்னவோ குத்து விழுந்த காசுதான் கூடுதலாகப் பேசுவதாகத் தோன்றும்.) 1818 ஜனவரியில் வந்த பிரகடனம் வெள்ளி ரூபாயை மாகாணத்தின் தர நாணயமாக்கியது. நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று வைத்து, கம்பெனி தன் கணக்குகளை ரூபாய்க்குத் திருப்பியது. நூற்றாண்டுகளாகப் பொன்னில் எண்ணிய தேசம் வெள்ளியில் எண்ணத் தொடங்கிய வருடம் அது.

சரி, அந்த வருடம் புழங்கிய மதராஸ் ரூபாய் எப்படி இருந்தது? ஆங்கிலம் ஒரு எழுத்துகூட இல்லை. பாரசீகத்தில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர், ஹிஜ்ரி 1172 (கி.பி. 1758-59), ஆட்சியாண்டு 6, ஆர்க்காடு என்ற ஊர்ப்பெயர், கூடவே ஒரு தாமரை. ஆலம்கீர் 1759இலேயே கொலையுண்டவர். அவர் செத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர் பெயரிலேயே, அதே ஆண்டு போட்டே, மதராஸில் ரூபாய் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டை மாற்றினால் பழைய ஆண்டு ரூபாய்க்கெல்லாம் வட்டம் பிடிப்பார்கள். மாற்றாமல் விட்டால் எது புதுசு எது பழசு என்று ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது. பெயரளவில் ஆர்க்காடு, அடித்தது சென்னை, எழுத்து பாரசீகம், அரசர் உயிரோடு இல்லை. இதைப் புதிதாக வரும் ஒரு பையனிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். 1835 சட்டம் வந்த பிறகுதான் நான்காம் வில்லியம் தலை போட்ட ஒரே மாதிரி ரூபாய் இந்தியா முழுக்கப் பரவியது. எடை 180 கிரெயின், 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நம் வீட்டுப் பெரியவர்கள் 'ஒரு ரூபாய் எடை' என்று நிறுத்தது இந்தக் கணக்கில்தான். தோலாவும் அதே 180 கிரெயின்தான்.

செம்புக் காசுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1803 என்று ஆண்டு போட்ட இருபது காசு நாணயம் உங்கள் கண்காட்சிகளில் சாதாரணமாகக் கிடைக்கும், அதிக விலையும் இல்லை. அது மதராஸில் அடித்ததல்ல. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலையில், நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலேற்றி அனுப்பியது. சுமார் 9.3 கிராம்; வட்டம் கச்சிதம், எழுத்து கூர்மை. கூடவே பத்து, ஐந்து, ஒரு காசு நாணயங்களும் வந்தன. ஒரு காசு சுண்டுவிரல் நகத்தளவுதான், அதற்குள் கிரீடம் ஏந்திய சிங்கம். கம்மாளர் கையால் தட்டிய கோணல்மாணல் காசுகளையே பார்த்துப் பழகியவர்கள் இந்த இயந்திரக் காசை முதலில் கையில் வாங்கியபோது என்ன நினைத்திருப்பார்கள்?

1808 ஆண்டு போட்ட பத்து, இருபது காசுகளில் ஒரு பெரும் பங்கு மதராஸ் வந்து சேரவே இல்லை. அவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டே தாண்டாமல் குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கியது. 1980களில் முக்குளித்து எடுத்த அந்தக் காசுகள் லட்சக்கணக்கில் சந்தைக்கு வந்துவிட்டன. ஆகவே 1808 இருபது காசு ஒன்று புத்தம்புதுசாக, கடலுப்பு அரித்த தடத்தோடு கிடைத்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. எந்தச் சென்னைவாசியின் மடியிலும் ஏறாத சென்னைக் காசு அது. இந்த விவரத்தை ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் வைக்க என்ன செலவாகும்?

பக்கத்து ஊர்க்காரர்களை விட்டுவிட முடியாது. புதுச்சேரியின் பிரெஞ்சுத் துட்டில் ஒரு பக்கம் பிரெஞ்சு மன்னரின் அல்லி மலர், மறுபக்கம் தமிழ் எழுத்தில் புதுச்சேரி. தரங்கம்பாடியில் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி உட்கார்ந்த டேனிஷ்காரர்கள் முதலில் ஈயத்தில் காசு அடித்தார்கள், பிறகு செம்பில். அவர்களுடைய கடைசி நாலு காசு நாணயத்தில் 1845 என்று இருக்கும். அதே வருடம்தான் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இவையெல்லாம் இன்னும் சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கு எட்டும் காசுகள். ஆனால் கண்காட்சிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் இவற்றைத் தாண்டி அனுமார் தட்டில் போய் நிற்கிறார்கள். அங்கேதான் கூட்டம் நிற்கிறது, அங்கேதான் கதை சொல்கிறார்கள்.

இந்தப் போலி வெறும் அறியாமை விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 'அரிசி இழுக்கும் காசு', 'இரிடியம் காசு' என்று ஊரூராக நடக்கும் மோசடிக்கு மூலதனமே இந்த மாதிரிக் காசுகள்தான். இடி விழுந்த காசு, கோடிக்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறது, சோதனைக்கு முன்பணம் வேண்டும் என்று ஆரம்பித்து வீட்டுப் பத்திரம்வரை போகிறது. செம்பு காந்தத்தில் ஒட்டாது, இரிடியமும் ஒட்டாது. காசு அரிசியை இழுக்கிறதென்றால் காசிலும் அரிசியிலும் ஏதோ கலந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பழைய நோட்டும் காசும் வாங்கித் தருகிறோம், கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறவர்கள். அப்படி எந்தக் கட்டணமும் நாங்கள் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிப்பே வெளியிட வேண்டியதாயிற்று. உங்கள் கண்காட்சியில் வாங்கிய காசு என்று சொல்லிக்கொண்டு அந்த வலையில் போய் விழுகிறவருக்குச் சங்கத்தின் பேனர்தான் சான்றிதழ்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும், மேடைக்குப் பின்னால் கேட்டதுதான். மேசைக்கு வாடகை வாங்குகிறோம், யார் என்ன விற்கிறார் என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது? மண்டப வாடகை ஏறிய ஏற்றத்தில் இதில் கை வைத்தால் பத்து மேசை குறையும். இதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. மேசை வாடகை இல்லாமல் கண்காட்சி இல்லை. ஆனால் சாப்பாட்டுக் கடை போட வருகிறவரிடம் எண்ணெய் எப்படி என்று கேட்கிற நீங்கள், காசு விற்கிறவரிடம் காசு எப்படி என்று கேட்கமாட்டேன் என்றால் எப்படி? இன்னொரு வாதம், 'எல்லாரும் ஒரு தடவை ஏமாந்துதான் கற்றுக்கொண்டோம்' என்பது. இதை நான் ஏற்கவே மாட்டேன். முதல் தடவை ஏமாந்தவர்களில் பாதிப் பேர் கற்றுக்கொள்வதில்லை, சேகரிப்பையே விட்டுவிடுகிறார்கள். சங்கக் கூட்டத்தில் தலைகள் நரைத்துக்கொண்டே போவதை நீங்களும் பார்க்கிறீர்கள்.

சும்மா நினைவுப்பொருளாக விற்கிறோம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1973 முதல் சட்டமே உண்டு: அசலைப் பார்த்துச் செய்த காசானால் 'நகல்' என்ற சொல்லை அதன்மேலேயே பொறிக்க வேண்டும். நம் சங்கங்களுக்குச் சட்டம் போடும் அதிகாரம் இல்லை, மேசை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கும் அதிகாரம் இருக்கிறது. நகலென்றால் நகல் என்று தட்டிலேயே எழுதி வைக்கட்டும், பில்லிலும் எழுதிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவர் ஏன் தயங்குகிறார் என்று உங்களுக்கே தெரியும்.

நோட்ட மேசைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அரை மில்லிகிராம் காட்டும் தராசெல்லாம் தேவையில்லை, நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் நகைக்கடைத் தராசு போதும். ஒரு லென்ஸ், ஒரு காந்தம், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல். காசைக் காற்றில் நிறுத்து, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுத்து, முதல் எடையை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். கம்பெனி வெள்ளி ரூபாய் 10.3ஐ ஒட்டி வரும், செம்பு 8.9ஐ ஒட்டி. எட்டரைக்குக் கீழே இறங்கினால் பித்தளை என்று யோசிக்கலாம். காசைக் கீறாமல், அமிலம் ஊற்றாமல் பார்க்கிற சோதனை இது. 1835 ரூபாயானால் வில்லியம் கழுத்து வெட்டில் 'எஃப்' அல்லது 'ஆர்.எஸ்.' என்ற பொடி எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும்; எழுத்தே இல்லாத அசலும் இருக்கிறது, ஆனால் எழுத்து இருந்து அது குழைந்து கிடந்தால் வார்ப்பு. 1862 ரூபாய் வந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த ஆண்டை 1874 வரை மாற்றாமல் அடித்தார்கள், புள்ளிகளை எண்ணித்தான் எந்த வருடத்தது என்று பிரிக்க முடியும். வருகிற கூட்டத்துக்கு அதெல்லாம் வேண்டாம், அசலா போலியா என்பது தெரிந்தால் போதும்.

இரண்டு சின்ன விஷயம். மேசையிலேயே புளியும் பாலிஷும் போட்டுக் காசைப் பளபளக்க வைத்து விற்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இருநூறு வருடத்தில் தானாகப் படிந்த மேற்படலத்தை ஒரு நிமிடத்தில் தேய்த்துவிட்டு 'புதுசு மாதிரி' என்கிறார்கள். அடுத்து, நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும், மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைப்பதை 1878 சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பலருக்குத் தெரியாது.

அடுத்த கண்காட்சிக்கு எந்தச் சங்கம் முதலில் நோட்ட மேசை போடுகிறதோ, அங்கே இரண்டு நாளும் உட்கார நான் தயார். தராசு என்னுடையது. ஒப்பிட்டுப் பார்க்க 1803 இருபது காசு, 1835 அரையணா, ஒரு மதராஸ் ஆர்க்காடு ரூபாய் மூன்றையும் கொண்டுவருகிறேன். யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம், கண்ணாடிக்குள் பூட்டிவைக்க மாட்டேன். டீ மட்டும் சங்கக் கணக்கில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளுக்குத் தவறாமல் வரும் ஒரு சேகரிப்பாளர்